ஒன்று எடுத்தால் ஒன்று வை

வைத்தவர் நீங்கள், வைதவர்கள் இந்த ஊர்க்காரர்கள், இரண்டுக்கும் நடுவில் கிடப்பது ஒரே ஒரு 'த்'. அதை யோசிக்காமல் ஓர் அட்டையில் ஒரு வரியை எழுதி, டப்பாவுக்குள் போட்டு, பாறை இடுக்கில் செருகிவிட்டு, பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஒரு குளம் நிறையத் தண்ணீர் கிடக்க, அதன் காலடியில் இருந்த வயலெல்லாம் காய்ந்து போனதற்கு நீங்கள்தான் பொறுப்பு. உங்களை 'நீங்கள்' என்று அழைப்பது மரியாதையினால் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பொருத்தமான சொற்கள் இந்த ஊரில் ஏராளமாக இருந்தன. அவை எல்லாம் இப்போது உங்கள் டப்பாவுக்குள் இருக்கின்றன.

ஊமத்தங்குளத்தில் மாடத்தி என்று ஒருத்தி இருக்கிறாள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள். தலையில் எவர்சில்வர் கூடை, தோளில் துணி மூட்டை, வாயில் ஊர் அடங்காத பேச்சு. புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம் ஒரே ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு தெருவில் இறங்கியவள், கிழிந்த லுங்கியைக் கொடுத்து இட்லிக் கொப்பரை கேட்கிற பெண்களோடும், சாயம் போன சேலையைப் பட்டு என்று சாதிக்கிற கிழவிகளோடும், பேசிப் பேசி, மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கடைசியில் குளத்துக்குக் கீழே ஒரு துண்டு வயல் வாங்கினாள். வாய் வாங்கிக் கொடுத்த வயல் என்றுதான் கீழத்தெருவில் அதற்குப் பெயர். நீங்கள் வந்த வருஷம்தான் முதன்முதலாக அதில் நாற்றுப் பாவினாள்.

டீக்கடை நிழலில் கூடையை இறக்கி வைத்திருந்தவளிடம் நீங்கள் வந்து, மூடி இறுக்கமாக ஒரு டப்பா வேண்டும் என்று கேட்டீர்கள்.

"துணி என்ன இருக்கு?" என்றாள் மாடத்தி.

"துணியா? காசு தர்றேன்க்கா."

"காசுக்குக் கடையில போய் வாங்கும். எங்கிட்ட துணிக்குத்தான் பாத்திரம்."

பைக்குள் துழாவி ஒரு ஜீன்ஸ் பேன்ட்டை எடுத்துக் கொடுத்தீர்கள். அவள் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள், ஜிப்பை இழுத்துப் பார்த்தாள், முட்டியைச் சுரண்டினாள்.

"முட்டியில வெளுத்திருக்கு."

"அது ஃபேஷன்க்கா."

"ஃபேஷன்னாலும் வெளுத்தது வெளுத்ததுதான். சட்டையும் சேத்துக் குடும்."

சட்டையும் போயிற்று. ஒடுக்கு விழுந்த பக்கத்தைத் தன் வயிற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு சம்படத்தை நீட்டினாள். எதற்கு என்று கேட்டபோது, ஊர் ஊராகப் போய் இப்படி ஒரு டப்பாவை ஒளித்து, இடத்தின் எண்ணைப் போனில் ஏற்றிவிட்டால், முன்பின் தெரியாதவர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து கண்டுபிடிப்பார்கள், அது ஒரு விளையாட்டு என்றீர்கள். உள்ளே ஊரின் பழங்கதை ஒன்றையும் எழுதிப் போட வேண்டும், இங்கே ஏதாவது கதை உண்டா என்றும் கேட்டீர்கள். கதைக்குத் தனியாக என்ன கொடுப்பீர் என்று அவள் கேட்க, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கொடுத்தீர்கள். அவள் சொன்னாள்.

பாண்டியர் ஆண்ட காலத்தில் குளம் வெட்டிக் கரை கட்டிக் கல்லில் மடை வைத்தார்களாம். குளம் நிரம்பிய முதல் வருஷம் மடைக்கல் அசையவில்லையாம். ராஜாவின் ஆள் வந்து ராஜாவின் வெற்றிகளை எல்லாம் கல்லுக்கு முன்னால் படித்தானாம், கல் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததாம். பூசை போட்டார்களாம், யானையைக் கட்டி இழுத்தார்களாம், யானைக்குத்தான் கால் வழுக்கியதாம். அப்போது உய்யவந்தாள் என்று கீழத்தெருக்காரி ஒருத்தி, நாற்றங்கால் காய்ந்த ஆத்திரத்தில், கையில் பொடிந்துபோன மண்ணோடு கரையேறி வந்து, கல்லைப் பார்த்து வைய ஆரம்பித்தாளாம். அதன் அழகை வைதாளாம், அதைச் செதுக்கினவனை வைதாளாம், அது பிறந்த மலையை வைதாளாம், பொழுது சாய்கிறவரை வைதாளாம். வெட்கம் தாங்காமல் கல் தானே எழுந்து வழிவிட்டதாம். அன்றிலிருந்து வருஷா வருஷம் கீழத்தெருப் பெண்கள் கரையில் வரிசையாக நின்று மடையை வைதுதான் தண்ணீர் திறப்பது.

வைவது என்றால் ஏசுவது, திட்டுவது. ஊமத்தங்குளத்தில் யாரும் திட்டுவதில்லை, வைவார்கள். கல்மடை போய் இரும்புச் சக்கரம் வந்து, அதைத் திருகுகிற சாவி மீன் குத்தகைக்காரர் ஆவுடைநாயகத்தின் வீட்டு ஆணியில் தொங்க ஆரம்பித்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. தண்ணீர் குறைந்தால் மீன் பெருக்காது என்று ஆவுடைநாயகம் சாவியை இறுக்கிப் பிடிப்பார். கீழத்தெருப் பெண்கள் கரைக்குப் போய் இரும்பைப் பார்த்து வைவார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவர் அளவுக்கு வெட்டித் தைத்ததாக இருக்கும். இரும்பைத்தானே வைகிறார்கள், யார் என்ன கேட்க முடியும்? காது கூசிப்போய், வீட்டுப் பெண்கள் முகத்தில் முழிக்க முடியாமல், மாலைக்குள் அவரே சாவியோடு வருவார். மாடத்திதான் முதல் குரல். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி இரண்டாம் குரல்.

நீங்கள் எல்லாவற்றையும் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, அட்டையின் மேல்பாதியில் 'மடையை வைத உய்யவந்தாள்' என்று கதையை எழுதினீர்கள். கீழ்ப்பாதியில் உங்கள் விளையாட்டின் விதியை எழுதினீர்கள்: 'ஒன்று எடுத்தால் ஒன்று வை.'

டப்பாவை முதலில் கண்டவர் ஆடு மேய்க்கிற சப்பாணிமுத்து. உள்ளே வெளிச்சம் அடிக்கிற சாவிக்கொத்து, கண்ணாடிக் கோலி, பித்தளை யானை, பேர் எழுத ஒரு குட்டி நோட்டு எல்லாம் இருந்தன. நோட்டை அங்கேயே ஆடு தின்றுவிட்டது. அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தார். மேலே வைத கதை, கீழே வை என்ற உத்தரவு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, முன்னத்தி ஆட்டைத் தினமும் வைகிற சொல்லை டப்பாவுக்குள் சொல்லி, மூடியை அழுத்தி மூடினார்.

மறுநாள் காலையில் அந்த ஆடு வேலியில் தலையை விட்டது. சப்பாணிமுத்து வாயைத் திறந்தார். சொல் அங்கே இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி தடவிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்களேன்" என்றார். ஆடு திரும்பி நின்று அவரைப் பார்த்தது.

ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டது என்று நினைக்காதீர்கள். வசவைக் கொடுத்தால் டப்பா வாங்கிக்கொள்கிறது, பதிலுக்குச் சாமான் தருகிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டது. பாத்திரக்காரியோடு பழகின ஊர் அல்லவா. குடித்துவிட்டு வந்து வைகிற புருஷன்மாரைப் பெண்டாட்டிகள் பாறைக்குக் கூட்டிப் போனார்கள், மாமியார்களை மருமகள்கள் ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள், மருமகள்களை மாமியார்கள் அடுத்த ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். கழிச்சல் நோயையும் ஒரு மனிதனையும் சேர்த்துக் கட்டிய சொல் போயிற்று, பாடையையும் பிறந்த வீட்டையும் சேர்த்துக் கட்டிய சொல் போயிற்று. மடை பார்க்கிற வேலையாளின் தொழில் பெயரே ஒரு வசவாகவும் இருந்ததால் அதுவும் போய், அவரை எல்லாரும் 'மடை ஐயா' என்று கூப்பிட ஆரம்பிக்க, அவர் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எண்ணைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஆட்கள் தோளில் பையோடு வந்தார்கள், ஒழுங்காக ஒரு பொம்மையை எடுத்து ஒரு பொம்மையை வைத்தார்கள், டப்பா ஏன் இவ்வளவு கனக்கிறது என்று சிரித்தார்கள், இப்படி ஒரு சாந்தமான ஊரைப் பார்த்ததே இல்லை என்று போனில் எழுதிப் போட்டார்கள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ரேஷன் கடை வரிசையில் நடுவில் புகுந்தவனை யாரும் ஒன்றும் சொல்லாததால் அவனே தினமும் முதல் ஆளாகச் சீனி வாங்கிப் போனான். டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போனது, "பரவாயில்லை, அடுத்ததில் வருகிறோம்" என்று ஊர் அதன் முதுகுக்குச் சொன்னது. விழுந்து முட்டி பெயர்ந்த பிள்ளைகள், பார்த்துப் போகக்கூடாதா என்று வைய ஆளில்லாமல், எப்போது அழுகையை நிறுத்துவது என்று தெரியாமல் வெகுநேரம் அழுதார்கள். சாவு வீட்டில் பெண்கள் எமனை வைகிற இடம் வந்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, வந்து அழைத்துப் போனதற்கு அவனுக்கு நன்றி சொன்னார்கள்.

மாடத்தி மட்டும் பாறைப் பக்கம் போகவில்லை. செல்லக்கிளி ஒருநாள் மினுமினுக்கிற சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, இது டப்பாவுலயா இருந்துச்சு?"

"உள்ள அடங்காதுன்னு அதுக்குக் கீழ மடிச்சு வச்சிருந்துச்சு, மைனி."

"இதுக்கு என்னத்தக் குடுத்த?"

"எங்கிட்ட இருந்ததெல்லாம்."

"எல்லாமா? கூறு கெட்..." என்று தொடங்கியவள், செல்லக்கிளி கண்ணில் ஒரு கோபமும் வராததைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். சேலை முந்தியைப் பிடித்து விரலால் தேய்த்தாள். "ரெண்டு துவைப்புக்கு வராது. இதுக்கு நான் ஒரு கரண்டி குடுக்க மாட்டேன். நீ உன் வாயவே குடுத்திருக்க."

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க, மைனி" என்றாள் செல்லக்கிளி. மாடத்தி முந்தியைக் கையிலிருந்து விட்டாள்.

சேலையை வைத்தது யார் என்று அவள் விசாரித்தாள். ஆவுடைநாயகம். அவர்தான் ஊமத்தங்குளத்தில் உங்கள் அட்டையைச் சரியாக வாசித்த ஒரே மனிதர். வை என்பதற்கு வைப்பது என்றே பொருள் எடுத்துக்கொண்டு, வெள்ளைக் காரில் வந்து இறங்கி, கவரிங் வளையல், கைக்கடிகாரம், சேலை என்று வைத்துவிட்டுப் போனார். வைத்ததுதான், ஒன்றும் எடுக்கவில்லை. அதனால் அவருடைய வசவில் ஒரு சொல்லும் குறையவில்லை.

ஐப்பசி பிறந்தது. குளம் கரை தொட நின்றது, கீழே நாற்றங்கால் வெடிக்கத் தொடங்கியது. மாடத்தியின் நாற்று நுனியில் மஞ்சள் கண்டது. அவள் பெண்களைக் கூட்டிக்கொண்டு கரையேறினாள். ஆவுடைநாயகம் குடை பிடித்துக்கொண்டு, சாவியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னதாகவே வந்து நின்றார். மாடத்தி முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள். அருமையான அடி, ஒரு தலைமுறைக்கு நிற்கிற மாதிரி. எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டாம் குரலுக்காகத் திரும்பினாள்.

செல்லக்கிளி தொண்டையைச் செருமினாள். "அண்ணாச்சிக்கு எப்ப வசதிப்படுதோ, அப்பத் திறந்தாப் போதும்" என்றாள்.

"அண்ணாச்சிக்குச் சிரமம் வேண்டாம்" என்றது வரிசை.

"எம்புட்டு நல்ல ஜனம்" என்றார் ஆவுடைநாயகம்.

மாடத்தி தனியாக வைதாள். தொண்டை புண்ணாகிறவரை வைதாள். ஆவுடைநாயகம் கேட்டுக்கொண்டே இருந்தார், போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டார், பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊரே வஞ்சாத்தான் மாடத்தி அது வழக்கம். ஒருத்தி வஞ்சா அது கேஸு."

அவள் கரையிலிருந்து இறங்கியபோது அழவில்லை. யோசித்தாள். பண்டமாற்று அவள் தொழில். கொடுத்த சரக்கைத் திருப்பி வாங்க வேண்டுமென்றால் வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இதில் என்ன சிக்கல் என்று நினைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். கோலிக்கு ஒரு தம்ளர், பித்தளை யானைக்கு ஒரு தட்டு, ஒரு பக்கம் உடைந்த வளையலுக்குக் குழம்புச் சட்டி, செல்லக்கிளியின் சாயம் போன சேலைக்கு மூடி போட்ட குத்துச்சட்டி. வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பேரம் பேசாமல் கொடுத்தாள். கூடை காலியானது, மூட்டை நிறைந்தது. பாறைக்குப் போய் எல்லாவற்றையும் டப்பாவுக்குள்ளும் கீழேயும் மேலேயும் வைத்துவிட்டு, உட்கார்ந்து காத்திருந்தாள்.

டப்பாவுக்குள்ளிருந்து தேன்கூட்டைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. ஊரின் வசவெல்லாம் உள்ளே இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

ஏன் வரும்? எடுத்தால் வை என்று எழுதினீர்கள். வைத்தால் எடு என்று எழுதவில்லையே. சப்பாணிமுத்து கரித்துண்டால் அந்த வரியை அடித்து, 'கொடுத்ததைக் கொடு' என்று அட்டையில் எழுதிப் பார்த்தார். டப்பா அதைச் சட்டை செய்யவில்லை. கூடைக்காரி இருக்கும்போது வாங்க வந்தவன் விலை சொன்னால் யார் மதிப்பார்கள்? சரக்கை வைத்தவர்தான் பேச்சை மாற்ற முடியும்.

"நீங்க வீட்டுக்குப் போங்க, மைனி. நாத்துதான, போனாப் போகட்டும்" என்றாள் செல்லக்கிளி.

"உன் நாத்துமில்லா போகுது."

"ஆமா, போகுது. போகட்டும்."

அந்தப் 'போகட்டும்'தான் மாடத்தியை எழுப்பியது. சொற்கள் வெளியே வராவிட்டால் சொற்கள் இருக்கிற இடத்தையே மடைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தாள். டப்பாவைப் பிடுங்கித் தலையில் வைத்தாள். நெல் மூட்டைபோலக் கனத்தது. பாறையிலிருந்து கரைவரை உச்சி வெயிலில் அவள் நடக்க, ஊர் பின்னால் வந்தது, யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள், கேட்காமல் கொடுத்தால் அவள் தப்பாக நினைத்துவிடுவாளோ என்று மரியாதையாக ஒதுங்கி வந்தார்கள்.

ஆவுடைநாயகம் மடைமேல் உட்கார்ந்து, வலையை இழுக்கிறவர்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். மாடத்தி டப்பாவை இறக்கி, மூடியைத் திறந்து, இரும்புச் சக்கரத்துக்கு மேலே கவிழ்த்து, உப்பு ஜாடியை உதறுகிற மாதிரி உதறினாள். பித்தளை யானை விழுந்தது. கோலி உருண்டு குளத்துக்குள் போயிற்று. இரைச்சல் உள்ளேயே இருந்தது.

"டப்பாவையே எடுத்துட்டு வந்துட்ட" என்றார் ஆவுடைநாயகம். "எடுத்தா வையணும்லா?"

அவருக்குத் தெரிந்திருந்தது. இனி வைதால் எல்லாம் டப்பாவுக்குள் போய்விடும் என்று அவளுக்கும் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கரையில் மாடத்தி வாயைப் பொத்தி நின்றதை அன்றுதான் ஊர் பார்த்தது. மூடியைத் தேடினாள், அது சக்கரத்துக்கு அந்தப் பக்கம், அவர் காலடியில் கிடந்தது. ஆவுடைநாயகம் அதைக் காலால் மிதித்துக்கொண்டு, குடையை மடக்கி வைத்துவிட்டு, நிதானமாக அவளை வைதார். ஒரு சொல்லும் குறையாத வாய் அவருடையது. அவள் புருஷன் போனதை வைதார், துணி மூட்டையை வைதார், வாய் வாங்கிக் கொடுத்த வயலை, அது எதை விற்று வாங்கிய வயல் என்று, வைதார். ஊர் கேட்டுக்கொண்டு நின்றது. அண்ணாச்சி தெளிவாகப் பேசுகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

மாடத்தி கையை எடுத்துவிட்டாள்.

பொழுதெல்லாம் சேர்த்து வைத்திருந்தது, ஒவ்வொரு வாசலிலும் விழுங்கிக்கொண்டது, புருஷனுக்காக வைத்திருந்தது, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்காக வைத்திருந்தது, உய்யவந்தாள் காலத்திலிருந்து வாய் வாயாக வந்து அவளிடம் சேர்ந்தது, எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. அப்படி ஒரு வைதலை அந்தக் கரை கேட்டதில்லை, கேட்கவும் இல்லை. ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் அவள் உதட்டைத் தாண்டியதும் வளைந்து, அவள் கையிலிருந்த டப்பாவுக்குள், தண்ணீர் துவாரத்துக்குள் இறங்குகிற மாதிரி இறங்கிப் போயிற்று. ஆவுடைநாயகத்தின் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. எல்லாம் போன பிறகு அவள் மறுபடி வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். நாற்று மஞ்சளாகி, வைக்கோலாகி, சப்பாணிமுத்துவின் ஆடுகள்கூட முகர்ந்துவிட்டு விலகிப் போயின. மீன் நன்றாகப் பெருத்தது. வயலை ஆவுடைநாயகம் கேட்டார், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டாள், ஒரு மறுபேச்சு இல்லை. இப்போதும் கூடையோடு தெருவில் போகிறாள். கந்தல் துணியை நீட்டிப் பெரிய அண்டாவைக் கேட்கிறார்கள். "எடுத்துக்கோங்க, உங்களுக்கு இல்லாததா" என்கிறாள். கூடை சீக்கிரம் காலியாகிவிடுகிறது. உள்ளுக்குள் ஆத்திரம் மட்டும் குறையவில்லை. அதற்கு வெளியே வர வழியில்லாமல் போய்விட்டது. சில நாள் நடுத்தெருவில் நின்று, வாயைத் திறந்து, காற்றை மென்று, மூடிக்கொள்கிறாள்.

டப்பாவைப் பழைய இடுக்கிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாள். உங்கள் போனில் இருக்கிற எண் அந்த இடத்தைத்தானே காட்டும். பையும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு பைக்கில் வருகிற ஒவ்வொருவரிடமும், "வைத்தது தாங்கள்தானா?" என்று கேட்கிறாள். இல்லை என்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அதனால் உங்களுக்குச் சொல்லப்படுகிறது. வாருங்கள். இந்த ஐப்பசிக்குள் வாருங்கள், வேறு ஆளை அனுப்பாமல் நீங்களே வாருங்கள். அட்டையை எடுத்து, உங்கள் கையால், உங்கள் பேனாவால், அந்த வரியை அடித்துவிட்டு, எடுத்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது திரும்பட்டும் என்று எழுதுங்கள். எழுதிவிட்டு ஓடிவிடக் கூடாது. மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். முதலில் வெளியே வருகிற வசவு மாடத்தியுடையதாக இருக்கும், அது ஆவுடைநாயகத்துக்குப் போகும் முன் உங்களுக்குத்தான் வரும். ஒரு சொல் விடாமல் நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.